35 சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கும் பிள்ளை, கொழும்பில் இருந்தாலும் மலையகத் தேயிலைத் தோட்டமான டயகமவில் இருந்தாலும், பைதன் மொழியில்தான் செய்நிரல் எழுதப் பழகவேண்டியிருக்கிறது. வினாத்தாள் தமிழில் வரும், ஆசிரியர் தமிழில் விளக்குவார். செய்நிரல் மட்டும் இஃப், எல்ஸ், வைல், கிளாஸ் என்று ஆங்கிலத்தில் நிற்கும். தோட்டப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் தட்டுப்பாடு ஊரறிந்த விஷயம். ஆகவே இந்தச் சொற்களையே தமிழாக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்று சொல்வோர் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறையில் பிழையில்லை. கேட்கவேண்டியது அதையல்ல என்பதுதான் என் வாதம்.

பைதனில் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தமே 35. ஜாவாவில் 51, அவற்றுள் கோடூ, கான்ஸ்ட் என்ற இரண்டும் ஒதுக்கி வைக்கப்பட்டதோடு சரி, எந்த வேலைக்கும் பயன்படுவதில்லை. ஒதுக்கப்பட்ட சொல் என்றால், மொழி தன் இலக்கணத்துக்கென்று எடுத்துக்கொண்ட சொல். செய்நிரல் எழுதுபவர் அதை வேறெதற்கும் பெயராக வைக்க முடியாது. மற்றதெல்லாம் திறந்தே கிடக்கிறது. மாணவர் பலர் ப்ரிண்ட் என்பதும் ஒதுக்கப்பட்ட சொல் என்றே நினைக்கிறார்கள். 2008இல் வந்த பைதன் 3 முதல் அது வெறும் ஒரு செயற்பாட்டின் பெயர். பதிப்பி = ப்ரிண்ட் என்று ஒரு வரி எழுதிவிட்டால், அதன்பிறகு பதிப்பி என்றே வேலை வாங்கலாம். வகுப்புக்குள் (கிளாஸ்) எழுதும் செயற்பாடுகளில் முதலில் வரும் செல்ஃப் கூட வெறும் வழக்கம்தான். அந்த இடத்தில் ‘தான்’ என்று எழுதினாலும் பைதன் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஜாவாவின் திஸ் அப்படியல்ல, அது பூட்டப்பட்டது.

இதன் பலனை ஒரு செய்நிரலில் பார்க்கலாம். ‘தொழிலாளி’ என்று ஒரு வகுப்பு. அதற்குள் பெயர், கொழுந்து, நாட்கூலி என்ற மூன்று மாறிகள். ‘நாள்_சம்பளம்’ என்ற செயற்பாடு: தான்.கொழுந்து நோர்முக்கு, அதாவது அன்று பறிக்கவேண்டிய கிலோ அளவுக்கு, குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் கூலி), இல்லையென்றால் முழுப்பேர். இதில் அந்நியமான சொற்கள் கிளாஸ், டெஃப், இஃப், எல்ஸ், ரிட்டர்ன் என்ற ஐந்துதான். விதியை டயகம லயத்துப் பிள்ளைக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. நிறுவையில் கிலோ குறைந்த நாளில் அரைப்பேர் விழும் என்பது வீட்டில் தினமும் பேசப்படுகிற கணக்கு. இதே செய்நிரலை மாறிகளுக்கு எக்ஸ், வை என்று பெயர் வைத்து எழுதினால் அதே பிள்ளை அதை மனப்பாடம்தான் செய்யும். தடங்கல் அந்த ஐந்து சொற்களில் இல்லை. பெயர் வைக்கும் உரிமை தனக்கு உண்டு என்பதைப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக் கொடுக்காததில் இருக்கிறது.

ஒதுக்கப்பட்ட சொற்களையே தமிழில் வைத்துப் பார்த்த முயற்சியும் நம்மிடம் உண்டு. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி பற்றிய கட்டுரை 2009இல் வெளிவந்தது. அதில் நிபந்தனை முன்னால் வரும், ‘ஆனால்’ பின்னால் வரும். தமிழ் வாக்கியம் எப்படி அமைகிறதோ அப்படி. வெறும் சொல் மாற்றத்தோடு நின்றுவிடாத அந்தச் சிந்தனையை மெச்சத்தான் வேண்டும். ஆனாலும் அதிலேயே ஒரு விலை தெரிகிறது. எழிலில் தொடர், முடி, நிறுத்து, ஆக எல்லாம் ஒதுக்கப்பட்டவை. கணிதத்தில் வரும் தொடருக்குத் தொடர் என்று பெயர் வைக்க முடியாது. ஆங்கிலக்காரர்கள் இந்த அவஸ்தையை நெடுநாளாக அனுபவிக்கிறார்கள். கிளாஸ் என்று பெயர் வைக்க முடியாமல் எழுத்தைத் திரித்துக் கிளாஸ் என்றே ஒலிக்கும் இன்னொன்றை எழுதிச் சமாளிக்கிறார்கள். 2004இல் ஜாவா 5 ‘ஈனம்’ (enum) என்ற சொல்லைப் புதிதாக ஒதுக்கியபோது, அதை மாறிப்பெயராக வைத்திருந்த பழைய செய்நிரல்களைத் திருத்தவேண்டி வந்தது. 2018இல் பைதன் 3.7 ஏசிங்க் என்பதை ஒதுக்கியபோதும் இதே கதைதான். தமிழில் பெயர் வைப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. பூட்டப்பட்ட 35 சொற்களும் இன்னொரு மொழியில் இருப்பதால் தமிழ் அகராதி முழுவதும் அவர் கையில் இருக்கிறது. இந்த விஷயத்தில் நமக்குத்தான் வசதி.

வலுவான மறுப்பு ஒன்று ஆய்விலிருந்து வருகிறது. சயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மேகோ ஹில்லும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்க்ராட்சைத் தம் நாட்டு மொழியில் பயன்படுத்திய பிள்ளைகள், அதே நாட்டில் ஆங்கிலத்தில் பயன்படுத்தியவர்களைவிட வேகமாகப் புதிய கருத்துகளைக் கையாண்டதாகக் காட்டியது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது, தட்டிக்கழிக்கத் தேவையும் இல்லை. ஸ்க்ராட்ச் கட்டங்களை இழுத்துப் பொருத்தும் கருவி. அங்கே மாறியது கட்டளைச் சொல் மட்டுமல்ல, திரை முழுவதும் மாறியது. சின்ன வகுப்புகளுக்குத் தமிழ்த் திரை வேண்டும் என்பதற்கு அது நல்ல ஆதாரம். உயர்தரத்துப் பிள்ளையின் 35 சொற்களைப் பற்றி அது தீர்ப்புச் சொல்லவில்லை. ரஷ்யாவில் 1சி என்ற கணக்கியல் மென்பொருளின் மொழி ரஷ்யச் சொற்களோடு ஓகோவென்று ஓடுகிறதே என்று கேட்கலாம். அதற்குப் பின்னால் ஒரு நாட்டின் முழுக் கணக்கியல் சந்தையும் நிற்கிறது. மறுபக்கம், எக்செலின் செய்நிரல் மொழியை ஐரோப்பிய மொழிகளில் கொடுத்துப் பார்த்த மைக்ரோசாஃப்ட், எக்செல் 97இல் ஆங்கிலத்துக்கே திரும்பிவிட்டது.

எதிர்த் திசையிலிருந்தும் ஒரு குரல் கேட்கும்: நாளைக்குக் கொழும்பு நிறுவனத்தில் வேலைக்குப் போகிறவனுக்குத் தமிழ் மாறிப்பெயர் எதற்கு? அங்கே போனால் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும், உண்மைதான். ஆனால் வகுப்பு என்றால் என்ன, பொருள் என்றால் என்ன என்று விளங்கிக்கொண்டவனுக்குப் பெயரை மாற்றுவது ஒரு கிழமை வேலை. விளங்காதவனை எந்த மொழிப் பெயரும் காப்பாற்றாது. தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் கைந்நூலில் தமிழ்ப் பெயர்களோடு பத்து மாதிரிச் செய்நிரல்களை அச்சிடலாம். பரீட்சை விடைத்தாளில் தமிழ் மாறிப்பெயருக்குப் புள்ளி குறையாது என்று பரீட்சைத் திணைக்களம் எழுத்தில் அறிவிக்கலாம். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

சில்லறைச் சிக்கல்கள் உண்டு, மறைக்கத் தேவையில்லை. ஒரே வரியில் இரண்டு விசைப்பலகைகளுக்கு மாறி மாறித் தட்டுவது சலிப்பான வேலை. இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. கொழுந்து என்பதில் உள்ள ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒகரக் குறி ஒரே குறியீடாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. பைதன் இரண்டையும் ஒன்றாக்கிப் படிக்கும். ஜாவாவுக்கு அவை இரண்டு வேறு மாறிகள். தமிழ்ப் பெயர்களோடு தொடங்குவதானால் பைதனில் தொடங்குவதும், பாடசாலைக் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே தமிழ் விசைப்பலகையை நிறுவுவதும் இதனால்தான் அவசியமாகிறது.