புகார் கொடுத்தவரின் பெயரைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர், வட்டாரத் தொழிலாளர் சங்கம்,
அம்பத்தூர் – ஆவடி – பூந்தமல்லி.

பெறுநர்
1. அரசுச் செயலாளர், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, சென்னை.
2. இயக்குநர், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், சென்னை.
3. மாவட்ட ஆட்சியர்கள், சென்னை மற்றும் திருவள்ளூர்.

பொருள்: ஆலை, விடுதி முறைகேடுகளைத் தெரிவிக்கும் தொழிலாளர்களைப் பழிவாங்கலிலிருந்து காத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2021 டிசம்பரில், பூந்தமல்லி அருகே விடுதியில் தங்கி ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலைக்குப் போய்வந்த பெண்களில் 250க்கும் மேற்பட்டோர் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூடப் படுத்திருந்தவள் எங்கே, எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்களுக்கு நம்பும்படியான பதில் கிடைக்கவில்லை. சாவு வதந்தி பரவியது. அதன் பிறகுதான் அவர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள்.

அந்த ஆலை ஐபோன்களைத் தயாரித்துக் கொடுக்கும் ஆப்பிள் நிறுவனம் தன் சப்ளையர்களுக்கு நடத்தை விதிகள் வகுத்திருக்கிறது, தணிக்கையும் நடத்துகிறது. ஆனாலும் சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரத்துக்குக் குறைவானவை என்று அது சொன்னது, பெண்கள் சாலைக்கு வந்த பிறகுதான். அறையில் நெருக்கியடித்துப் படுத்தவர்களுக்கு அது முன்பே தெரியும். பத்திரிகைகளிடம் பேசியபோதும் பெயர் போட வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார்கள். வேலை போய்விடும் என்ற அச்சம்.

அந்த அச்சத்தை நாங்கள் அறிவோம். பவர் பிரஸ்ஸில் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார்கள் என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். சில நாளில் அந்த மனுவின் ஜெராக்ஸ் சூப்பர்வைசர் கையில் இருந்தது. மறுநாள் அவரை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் நீக்கல் உத்தரவு என்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

புகார் கொடுத்தவரை வெளியே சொல்லக்கூடாது என்பது புதிய கோரிக்கை அல்ல. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்க்கப்பட்ட 118ஏ பிரிவு, புகாரின் பேரில்தான் ஆய்வுக்கு வந்திருக்கிறோம் என்பதைக்கூட நிர்வாகத்திடம் ஆய்வாளர் சொல்லக்கூடாது என்றது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டாலும் இந்தக் கடமை தளரக்கூடாது. நெடுஞ்சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் எழுந்த குரல்களால் 2014இல் நிறைவேறிய புகார்தாரர் பாதுகாப்புச் சட்டமும் அரசு ஊழியர்மீதான புகார்களுக்கு மட்டுமே. நிறுவனங்கள் சட்டத்தின் 177ஆம் பிரிவு கட்டாயமாக்கும் புகார் ஏற்பாடோ பங்குச்சந்தையில் உள்ளவை, பொதுமக்களிடம் டெபாசிட் பெறுபவை, 50 கோடி ரூபாய்க்கு மேல் வங்கிக்கடன் உள்ளவை ஆகிய நிறுவனங்களுக்குத்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகளில் வேலை செய்பவர் இந்த இரண்டிலும் வரமாட்டார்.

ஆகவே கோருகிறோம்:

மனு வந்த அன்றே பெயர்ப் பக்கத்தைப் பிரித்து முத்திரையிட்டு வைக்க வேண்டும். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையில் அது மட்டும் போதாது. எந்த மெஷினைப் பற்றிய புகார் என்பதே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒரு புகாருக்கு அதே தெருவின் நாலைந்து பட்டறைகளையும், எல்லா மெஷின்களையும் சேர்த்து ஆய்வு செய்யுங்கள்.

புகார் கொடுத்த ஆறு மாதத்துக்குள் ஒருவர் நிறுத்தப்பட்டால், காரணம் புகார் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கும் கான்ட்ராக்டருக்கும் இருக்க வேண்டும். தனியார் நிறுவனங்களையும் உள்ளடக்கி இதற்கு மாநிலச் சட்டம் தேவை.

தொழிலாளர் விடுதி ஒவ்வொன்றிலும் சமையலறை உரிமமும் புகார் எண்ணும் தமிழ், இந்தி, ஒடியா, வங்காள மொழிகளில் சுவரில் இருக்க வேண்டும். ஒருவர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டால், எங்கே, எந்த நிலையில் இருக்கிறார் என்று அறைத்தோழிகளுக்கு அன்றே சொல்ல வேண்டும்.

தாங்கள் பேச்சுவார்த்தைக்கு அழைத்தால், கேட்டில் நிறுத்தப்பட்ட எங்கள் உறுப்பினர்களையும் அழைத்துவருகிறோம். அவர்கள் சொல்வது பதிவாகட்டும். வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்