கையெழுத்து வராமல் ஒரு ஸ்டெம்கூடப் போகக் கூடாது



"ப்ரோ, ஸ்டெம்ஸ் மட்டும் இப்போ அனுப்பு, மத்ததை ரிலீசுக்கு அப்புறம் பேசிக்கலாம்." பீட் போடும் நம்மில் இந்த மெசேஜ் வராத போன் யாரிடமாவது இருக்கிறதா? வியாசர்பாடியில் விடிய விடிய எஃப்.எல். ஸ்டுடியோ மென்பொருள் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் வருகிறது. கோவையில் ஷிப்ட் முடிந்து வந்து லேப்டாப்பைத் திறப்பவருக்கும் வருகிறது. பீட்டின் ஒவ்வொரு ஒலியும் தனித்தனி ஃபைலாக இருக்கும் அந்த ஸ்டெம்ஸை நம்பி அனுப்புகிறோம். பாட்டு வெளியாகிறது. பாடியவர் பெயர் இருக்கிறது, கேமரா பிடித்தவர் பெயர் இருக்கிறது, பீட் போட்டவர் பெயரை மட்டும் காணோம். கேட்டால், "டிஸ்கிரிப்ஷன்ல போட்டுடறேன் ப்ரோ." அதோடு சரி, அப்புறம் போனே எடுப்பதில்லை.

இது இன்றோடு நிற்க வேண்டும். கையெழுத்து வராமல் நம் கையிலிருந்து ஒரு ஸ்டெம்கூடப் போகக் கூடாது. நான் கேட்பது இது ஒன்றுதான். இதைச் சொல்லும் பலம் நமக்கு இல்லை என்று பலர் நினைக்கிறீர்கள். இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

நோட்டேஷன் எழுதத் தெரியாது, முறையாக இசை படிக்கவில்லை என்று கூச்சப்படுகிறவர்கள் முதலில் கேளுங்கள்: இசையை உருவாக்கியவர்தான் இசையமைப்பாளர், அதை அவர் நோட்டேஷனாக எழுதினாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நீங்கள் பியானோ ரோலில் ஒவ்வொன்றாக வைத்த அந்த மெலடி உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் உங்களுடையது. சொந்த முயற்சியில், சொந்தப் பொறுப்பில் செய்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அது வெளியான பிறகு 60 ஆண்டு நிற்கும். எங்கும் பதிவு செய்யாவிட்டாலும் இந்த உரிமைகள் இருக்கின்றன. பதிவு செய்வது வழக்கு வந்தால் கைகொடுக்கும் ஆதாரம்; கட்டணம் இசைப்படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். அதற்கும் கையில் இல்லையென்றால் புராஜெக்ட் ஃபைலை அழிக்காமல் தேதியோடு இரண்டு இடத்தில் வையுங்கள்.

இனி பிரிவு 19. உரிமையை மாற்றித் தர வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். தருகிறவர் கையெழுத்து இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, என்ன உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்று எழுத வேண்டும். காலத்தைச் சொல்லாமல் விட்டால் ஐந்தே ஆண்டு. இடத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தியா மட்டும். லைசென்ஸ் கொடுத்தாலும் பெரும்பாலும் இதே விதிதான். "உனக்கு ஜிபே பண்ணிட்டேன்ல, பீட் என்னோடது" என்று ஒருவர் சொன்னால், உங்கள் கையெழுத்தில்லாமல் அவருக்கு உரிமை கைமாறவில்லை. இதை நிமிர்ந்து சொல்லுங்கள்.

2012இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் இசையமைப்பாளருக்குள்ள சமபங்கை அவரே விட்டுக்கொடுக்க நினைத்தாலும் முடியாது. அப்படி எழுதிய ஒப்பந்த வரி செல்லாது. ஆனால் அந்தப் பணம் தானாக வீடு தேடி வராது. ராயல்டியை வசூலித்துத் தர 1969 முதல் இயங்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகி, பாட்டுகளை உங்கள் பெயரில் பதிந்தால்தான் வரும்.

சின்ன பீட்டுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்காதீர்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த யங்கியோ என்ற இளைஞர் இணையத்தில் விற்பனைக்கு வைத்த ஒரு பீட்டை, அன்று யாருக்கும் தெரியாத லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு வாங்கினார். அதுதான் 2019இல் 19 வாரம் பில்போர்டு பட்டியலின் உச்சியில் நின்ற 'ஓல்ட் டவுன் ரோட்'. எந்த பீட் ஓடும், எது ஓடாது என்று அனுப்புகிற அன்று யாருக்குத் தெரியும்? நம் வீட்டுக் கதையும் இருக்கிறது. 2021இல் பட்டிதொட்டியெங்கும் ஒலித்த 'என்ஜாய் எஞ்சாமி'யால் தனக்கோ அதைப் பாடிய அறிவுக்கோ தீக்கோ வருமானமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வீடியோவில் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெயர் பெற்றவர்களுக்கே அந்த நிலை.

எனக்கு அதிகம் எரிவது, ஒரே ஒலி வேறு வீடியோவில் இருந்தால் தானாகக் கண்டுபிடித்துக் கிளெய்ம் போடும் யூடியூபின் கன்டென்ட் ஐடி விஷயத்தில். ஒரே பீட்டை மூன்று ராப்பர்களுக்கு லீசுக்குத் தருகிறீர்கள். அதில் ஒருவர் தன் பாட்டை ஏற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் கன்டென்ட் ஐடி பெட்டியில் டிக் அடித்துவிடுகிறார். மறுநாள் மற்ற இருவர் வீடியோவுக்கும் கிளெய்ம். அடுத்து உங்கள் சேனலில் கிடக்கும் மூல பீட்டுக்கே கிளெய்ம்! நீங்கள் உருவாக்கிய இசையின் விளம்பரப் பணம், அதை வாடகைக்கு எடுத்தவர் கணக்குக்குப் போகிறது. டிஸ்ப்யூட் போட்டால், பதில் சொல்ல அந்தப் பக்கத்துக்கு 30 நாள் அவகாசம். பாட்டு சூடாக இருக்கும் நாட்கள் அதிலேயே கரைந்துவிடும். லீஸ் காகிதத்தில் ஒரே ஒரு வரி போதும்: 'இந்த பீட்டை வைத்துச் செய்த பாட்டைக் கன்டென்ட் ஐடியில் சேர்க்கக் கூடாது.' அந்த வரி இல்லாத லீசை யாருக்கும் தராதீர்கள்.

நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். யூடியூபிலிருந்து ஒரு பறைக் குழுவின் அடியை வெட்டி லூப் போட்டுவிட்டு, அடித்தவர் யார் என்றுகூடத் தேடாமல் விற்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நிகழ்த்திய கலைஞருக்கும் அந்த நிகழ்த்தலின் மீது 50 ஆண்டு உரிமை உண்டு. யங்கியோ பீட்டில் இருந்த பான்ஜோ ஒலி நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் பதிவிலிருந்து வந்தது. கடைசியில் அவர்கள் பெயரும் பாட்டில் ஏறியது. உருமி அடித்தவருக்கும் பறை அடித்தவருக்கும் அதே மரியாதை வேண்டும். கேளுங்கள், பணம் கொடுங்கள், பெயர் போடுங்கள். அவர்களை விட்டுவிட்டு நமக்கு மட்டும் நியாயம் கேட்க எனக்கு வாய் வராது.

தனித்தனியாக மறுத்தால், "நீ இல்லேன்னா இன்னொருத்தன்" என்று போய்விடுவார்கள். அந்த இன்னொருத்தரும் நம்மில் ஒருவர்தானே? அதனால் எல்லோரும் ஒரே காகிதத்தைப் பயன்படுத்துவோம். தமிழில், ஒரே பக்கத்தில்: பீட்டின் பெயர், லீசா எக்ஸ்க்ளூசிவா, எத்தனை ஆண்டு, எங்கெங்கே, எவ்வளவு, உங்கள் பெயர் பாட்டில் எப்படி வர வேண்டும், ராயல்டியில் பங்கு, கன்டென்ட் ஐடி தடை, இருவர் கையெழுத்து. ஒருவர் மறுத்த பீட்டை அடுத்தவர் பாதி விலைக்குத் தரக் கூடாது.

இப்போதே உங்கள் பீட் அனுமதியில்லாமல் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் காத்திருக்காதீர்கள். தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம் என்பதால், அன்றே ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள். தனியாக எழுதத் தயக்கமாக இருந்தால் நம்மில் யாரையாவது கூப்பிடுங்கள். புராஜெக்ட் ஃபைலையும் பழைய மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வையுங்கள். சேர்ந்து உட்கார்ந்தே எழுதுவோம்.