பத்து வருஷம் பிரிஞ்சிருந்தாலும் சட்டப்படி நீங்க தம்பதிதான்!

"ஏழு வருஷம் பிரிஞ்சு இருந்தாலே தானா விவாகரத்து ஆயிடும். அப்புறம் கோர்ட்டுக்கு எதுக்குப் போகணும்?"

கல்யாணப் பந்தியிலும் ஆபீஸ் கேன்டீனிலும் ரொம்ப நாளாகப் புழங்கும் வரி இது. சட்டத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது. இந்து திருமணச் சட்டத்தின் விவாகரத்துக் காரணங்களில் ஏழு வருடம் என்ற கணக்கு வருவது வேறு ஒரு சூழ்நிலைக்கு. துணை உயிரோடு இருக்கிறாரா என்ற தகவலே ஏழு வருடமாக யாருக்கும் இல்லை என்றால், அதைக் காரணமாகக் காட்டி விவாகரத்து கேட்கலாம். அப்போதும் கோர்ட்டில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தானாக எதுவும் நடக்காது.

இன்னொரு நம்பிக்கை, பெரியவங்க நாலு பேர் உட்கார்ந்து பேசி, முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து போட்டு, நோட்டரி சீல் வைத்துவிட்டால் முடிந்தது என்பது. அந்தத் தாளுக்கு விவாகரத்து என்ற மதிப்பு இல்லை. குறிப்பிட்ட சமூகத்தில் வழக்கப்படி மணமுறிவு செய்யும் மரபு இருந்தால் சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு மரபு இருக்கிறது என்பதை நிரூபிக்க வேண்டிய பாரம், அதைச் சொல்பவர் தலையில்.

"சும்மா தனித்தனியா இருக்கோம், யாருக்கும் தொந்தரவு இல்லையே" என்பார்கள். தொந்தரவு இல்லாதது போலத்தான் தெரியும்.

உதாரணத்துக்கு, சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கல்யாணமான இரண்டாம் வருடமே பிரிந்து, பத்து வருடமாக அம்மாவோடு இருக்கிறார். குழந்தை இல்லை. சொந்தச் சம்பளத்தில் இ.எம்.ஐ. கட்டி ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறார். உயில் எழுதாமல் அவர் இறந்துபோனால் அந்த ஃபிளாட் யாருக்கு? 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவருக்கு. பத்து வருடமாகப் பேசாத அதே கணவருக்கு. கணவர் ஏற்கெனவே இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளுக்கு. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அம்மாவின் முறை அதற்கும் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையே அநியாயம் என்பது தனி விவாதம். இன்றைய தேதிக்கு சட்டம் அதுதான்.

ஆண்களுக்கும் இதே கதைதான். பிரிந்துபோன மனைவி, கணவரின் முதல் நிலை வாரிசாகவே தொடர்கிறார். இந்த நிலையில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் அது செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-வது பிரிவில் ஏழு வருடம் வரை சிறைக்கும் வழி இருக்கிறது. நம்பி வந்த இரண்டாவது பெண்ணுக்கு மனைவி என்ற சட்ட அந்தஸ்தும் கிடைக்காது.

அப்போ வழி என்ன?

இரண்டு பேருக்கும் சண்டை போடத் தெம்பு இல்லை, சேரவும் விருப்பம் இல்லை என்றால் பரஸ்பர சம்மத விவாகரத்து. பேச்சுவழக்கில் 'மியூச்சுவல்'. இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவு. குறைந்தது ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியவில்லை என்று இருவரும் சொல்ல வேண்டும், திருமணத்தை முடித்துக்கொள்ள இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். யார் மேல் தப்பு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரே வீட்டில் தனித்தனி அறையில் கணவன் மனைவியாக இல்லாமல் வாழ்ந்தாலும் அது 'பிரிந்து வாழ்தல்'தான் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி கோர்ட்டில் சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். வருடக்கணக்கில் பிரிந்திருப்பவர்களுக்கு 'இன்னும் ஆறு மாசம் யோசிங்க' என்பது கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கும். அதனால்தான் 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில், இந்த ஆறு மாதம் கட்டாயமல்ல, குடும்ப நல நீதிமன்றமே தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனு போடும் முன்பே ஒன்றரை வருடமாவது பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி பலன் தராமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் பேசி முடிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீடியோ கான்ஃபரன்ஸிங்கில் ஆஜராகவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான்.

கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தில் இந்த வழி 2001-ல்தான் வந்தது. அதில் எழுதியிருப்பது இரண்டு வருடப் பிரிவு. அதை ஒரு வருடமாகக் கொள்ள வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2010-ல் சொன்னது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் ஒரு வருடம்.

கையெழுத்து போடும் அவசரம்

சிக்கல் இங்கேதான். "எனக்கு ஒண்ணும் வேணாம், விட்டா போதும்" என்று பல பெண்கள் கையெழுத்து போட்டுவிடுகிறார்கள். வருடக்கணக்கான களைப்பு பேசவைக்கும் வார்த்தை அது. போட்டியில்லாத விவாகரத்து என்றால் வழக்கில் போட்டி இல்லை என்று அர்த்தம். உரிமையை விட்டுத்தர வேண்டும் என்று அர்த்தமில்லை. நகை, சீர்வரிசை, இருவர் பெயரிலும் உள்ள கடன், குழந்தையின் படிப்புச் செலவு எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். 'பேசியபடி' என்ற ஒற்றை வார்த்தையில் விடக் கூடாது. அம்மா தனக்கான ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்தாலும் குழந்தைக்கான உரிமை அந்தக் கையெழுத்தால் போய்விடாது.

கவனிக்காமல் விடப்படும் ஒரு விஷயம்: கோர்ட்டுக்குப் போகாமல் 'பேசிப் பிரிஞ்சு' தனியாக வாழும் மனைவி, பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவில் ஜீவனாம்சம் கேட்டால், "பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்திருக்கிறார்கள்" என்பதையே எதிர்த்தரப்பு தடையாகக் காட்ட முடியும். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்தே ஆகிவிட்டால் இந்தத் தடை பொருந்தாது என்று பழைய சட்டத்தின் இதே விதி பற்றி 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விவாகரத்தைத் தள்ளிப்போடுவதால் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று நினைக்கும் குடும்பங்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஒருவர் மட்டும் சம்மதிக்கவில்லை என்றால்? இரண்டு வருடத்துக்கு மேல் காரணமின்றிக் கைவிட்டுப் போனது ஒரு விவாகரத்துக் காரணம். நோட்டீஸ் வாங்கியும் அவர் வரவில்லை என்றால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். நோட்டீஸ் மட்டும் முறையாகச் சேர்ந்திருக்க வேண்டும். பழைய விலாசத்துக்கு அனுப்பி வாங்கிய தீர்ப்பை, பிறகு அவர் வந்து ரத்து செய்யக் கேட்கலாம்.

ஆனால் அவர் வந்து நின்று, "நான் விவாகரத்து தர மாட்டேன், சேர்ந்தும் வாழ மாட்டேன்" என்றால், பதினைந்து வருடப் பிரிவும் குடும்ப நல நீதிமன்றத்தில் தனிக் காரணம் ஆகாது. மீள முடியாதபடி முறிந்த திருமணம் என்று சொல்லி விடுவிக்கும் அதிகாரம் 142-வது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு என்பதை 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. அதையும் உரிமையாகக் கேட்க முடியாது. இதைச் சட்டத்திலேயே சேர்க்கச் சொல்லி சட்ட ஆணையம் 1978-லும் 2009-லும் பரிந்துரைத்தது. 2013-ல் மாநிலங்களவை நிறைவேற்றிய மசோதாவும் காலாவதியானது. உள்ளூர் கோர்ட்டில் முடிய வேண்டிய விஷயத்துக்கு டெல்லி வரை போக எத்தனை பேரால் முடியும்? மனைவிக்கும் குழந்தைகளுக்கும் பணப் பாதுகாப்பை உறுதிசெய்துவிட்டு இந்த மசோதாவை மீண்டும் கொண்டுவரத் தயங்கக் காரணம் எதுவும் இல்லை.

அதுவரைக்கும், இருவரும் ஒத்துப்போகிற நிலையில் இருக்கும்போதே மனு போட்டுவிடுவது நல்லது. தீர்ப்பு வரும் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தீர்ப்பு வந்ததும் சான்றிட்ட நகலை வாங்கிக்கொண்டு, பி.எஃப்., இன்ஷூரன்ஸ், வங்கிக் கணக்கில் நாமினி யார் என்று ஒருமுறை திறந்து பாருங்கள். கல்யாணமான புதிதில் எழுதிய பெயரே இன்னும் அங்கே இருக்கும். கோர்ட் அதை மாற்றித் தராது.