பெயரா? பத்திரமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தத் தனி வளைக்காக ஓர் ஏழைத் தொழிலாளி தன் உழைப்பில் பாதியை வாழ்நாளெல்லாம் கொடுக்கிறான். அவனுக்கு அதை விற்பவர் யார்? எந்த உறுதியின்பேரில் விற்கிறார்? நண்பர்களே, இதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கமிருந்து வரும் மாணவர்களுக்கு நான் சொல்லப் போவது புதிய செய்தி அன்று. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றியது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அறுபதுகளில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. பிழைக்க வந்தவர்களுக்கு வேலை கிடைத்தது, கூலி கிடைத்தது, சொந்தமாகக் குடியிருக்க இடம்தான் கிடைக்கவில்லை. அந்தத் தேவையில் வளர்ந்ததே மனை வணிகம். அதில் இறங்கியவர்கள் பலர் அண்ணன் தம்பியாகவும் தந்தை மகனாகவும் கூடித் தொழில் நடத்தியவர்கள்.

வி.ஜி. பன்னீர்தாஸும் அவர் தம்பியரும் வளர்த்த வி.ஜி.பி. நிறுவனத்தை அறியாத தமிழர் குறைவு. வீட்டுப் பொருள்களைத் தவணையில் விற்றுப் பெயர் பெற்ற அக்குடும்பம், மனை வணிகத்திலும் இறங்கியது. மொத்தப் பணம் இல்லாதவனும் மாதாமாதம் கட்டி ஒரு பொருளுக்கு உரிமையாளன் ஆகலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது தவணை முறை. இது சிறிய தொண்டு அன்று. முதலாளியின் முகம் தெரியும், பெயர் தெரியும், நேரில் போய்ப் பேசலாம் என்பது குடும்ப நிறுவனத்தின் சிறப்பு. அந்தச் சிறப்பே சில இடங்களில் ஆபத்தாகவும் முடிகிறது. அதற்கு என் வீடே சான்று.

என் தந்தையார் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. 2009-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சிறு நிறுவனத்தின் இலவச வேனில் எங்கள் குடும்பம் திருநின்றவூருக்கு அப்பால் மனை பார்க்கப் போனது. நான்கு வயதுப் பிள்ளையாக அம்மாவின் மடியில் நானும் போனேனாம். வெள்ளையடித்த எல்லைக் கற்கள், வண்ணக் கொடிகள், முதலாளியின் தாயார் பெயரைத் தாங்கிய நகர் வளைவு, மதியம் சாம்பார் சாதப் பொட்டலம். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் என் தந்தையாரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, “நம்ம குடும்பம்னு நெனச்சுக்குங்க” என்றாராம். அந்த ஒரு சொல்லுக்காக அப்பா அரை கிரவுண்டு வாங்கினார். நான்கு ஆண்டுகள் தவணை. இரண்டு மாதம் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. ஒரு தவணையும் தவறவில்லை. 2013-இல் பத்திரம் பதிவாயிற்று.

2016-இல் அக்காவின் திருமணத்துக்காக அந்த மனையை விற்க முயன்றோம். அவ்வாண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்திருந்தது. ‘அங்கீகாரம்’ என்ற சொல்லை எங்கள் வீடு அன்றுதான் கேட்டது. எங்கள் மனைப் படத்தில் பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை மட்டுமே இருந்தது. அப்பா நிறுவனத்துக்கு ஓடினார். பெரியவர் காலமாகியிருந்தார். நாற்காலியில் இருந்த மகன், “அப்பா காலத்து விஷயங்க, எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டார். பலகையில் அதே பெயர்தான் இருந்தது. சொத்துக்கு வாரிசு உண்டு. சொன்ன சொல்லுக்கு வாரிசு இல்லை!

கல்யாணம் வட்டிக் கடனில் நடந்தது. 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. விற்றவர் செய்திருக்க வேண்டிய வேலைக்கு, வாங்கிய என் தந்தையார் கட்டணம் கட்டினார். கல்யாணக் கடன் சென்ற ஆண்டுதான் தீர்ந்தது.

என் தந்தையார் ஏமாளி அல்லர். இரும்பில் மயிரிழைப் பிழையையும் வெர்னியர் வைத்துக் கண்டுபிடிப்பவர். ஆனால் படித்தது ஐந்தாம் வகுப்பு. தகரப் பெட்டியில் இருந்த பத்திரத்தைக் கல்லூரியில் சேர்ந்த பிறகு நான் எடுத்துப் படித்தேன். அங்கீகார எண் அதில் எங்குமே இல்லை. அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. அந்தப் பத்து நிமிடம் படிக்க எங்கள் வீட்டில் அன்று ஆளில்லை.

‘அனுமதி இருந்தால் போதும்’ என்று எண்ணுவதும் தவறே. 2014 ஜூன் 28-இல் போரூருக்கு அருகே மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் பலியாயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கு வந்த ஏழைகள். அதுவும் அனுமதி பெற்ற கட்டடந்தான். ஆகவே பெயரும் போதாது, முத்திரையும் போதாது. சரிபார்க்கும் கண் வேண்டும்.

இன்று அதற்குச் சட்டம் துணை நிற்கிறது. மக்கள் ‘ரெரா’ என்று சொல்லும் 2016-ஆம் ஆண்டின் மனை வணிகச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. ஒப்பந்தம் எழுதிப் பதியுமுன் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குவோர் தரும் பணத்தில் எழுபது விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்த வேலைக்கே செலவிட வேண்டும். கட்டுமானக் குறை ஐந்தாண்டுக்குள் தெரிந்தால் கட்டியவரே இலவசமாகச் சீர் செய்ய வேண்டும். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை இணையத்தளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். நேர்மையாகத் தொழில் செய்யும் குடும்பங்களுக்கு இச்சட்டம் பகை அன்று. அவர்களின் நற்பெயருக்குக் காவல்.

ஆனால் சட்டம் தானாக வீடு தேடி வராது. படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். பட்டம் வேலைக்கு மட்டுமா? ஆய்வுக்கூடத்தில் வெர்னியரை எடுத்தவுடன் முதலில் சுழிப்பிழை உண்டா என்று பார்க்கிறோம். அதே பழக்கத்தோடு மூலப் பத்திரத்தையும் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்தால் என்ன?

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மாதம் ஒரு ஞாயிறு, தொழிலாளர் வாழும் தெரு ஒன்றில் அமர்ந்து பத்திரம் படித்துச் சொல்லலாம். வணிகவியல், பொருளியல் ஆசிரியர்கள் வழிகாட்டினால் போதும். மனை பார்க்கும் வேன்கள் புறப்படுவதும் ஞாயிற்றுக்கிழமைதான். அந்த வேனில் ஏறுமுன் ஒரு தொழிலாளியாவது நம்மிடம் வந்து, “தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா” என்று கேட்கட்டும். நாம் கற்ற கல்வி அன்று பயன் பெறும்.