அமைதியான கரை, அமைதியற்ற கடல்

சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்ல மெரினாவைவிட எலியட்ஸ் கடற்கரையே உகந்தது என்பது அடையாறு, மயிலாப்பூர்ப் பெற்றோரிடையே நிலைபெற்றுவிட்ட கருத்து. நெரிசல் குறைவு, குழந்தை கண்பார்வையிலேயே இருக்கும். நமக்கும் இதில் மறுப்பில்லை. ஆனால் கரையின் அமைதியைக் கடலின் அமைதியாகக் கொள்ளும் பழக்கம் எப்படியோ கூடவே வந்து சேர்ந்திருக்கிறது.

மணலில் வெள்ளையாய் நிற்கும் அந்த மண்டபத்தைத் திரைப்படப் பாடல்களின் பின்னணியாகவே பலரும் அறிவர். 1930 டிசம்பர் 30 அன்று, அவ்விடத்துக்கருகே பிறரைக் காப்பாற்ற முனைந்து மூழ்கிப்போன ஷ்மிட் என்பவரின் நினைவுச்சின்னம் அது. அதன் நிழலில் அமர்ந்து சுண்டல் தின்னும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள் என்ற எண்ணம் போலும்.

நம் கடல் ஒருநாளும் சாது அல்ல. இயற்கைத் துறைமுகமற்ற இந்நகரில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டன; பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில், அலைகளைத் தாண்டித்தான் பயணிகள் கரை சேர்ந்தனர். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இருபுறமும் அலைகள் உடைந்து நுரைக்க, நடுவே நீர் சற்று அடங்கித் தெரியும் பட்டையில்தான் பெரும்பாலும் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். குழந்தையின் கண்ணுக்கு, ஏன், நம் கண்ணுக்கும், அதுவே பாதுகாப்பான இடமாகப் படும்.

'தண்ணீர்ப் பக்கம் போகாதே' என்ற அதட்டலோடு நம் கடற்கல்வி முடிந்துவிடுகிறது. அதட்டல் வேண்டாம் என்பதல்ல. கணுக்காலளவு நீரிலும் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். அது மட்டுமே போதும் என்பதுதான் நமக்கு உடன்பாடில்லை. பத்து நிமிட நடையில் ஊரூர் குப்பம் இருக்கிறது. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துப் படகு இறக்குபவர்களின் ஊர் அது. வலை பிரிப்பவரிடம், "அண்ணே, இன்னைக்குத் தண்ணி எந்தப் பக்கம் இழுக்குது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் சிரித்துக்கொண்டே கை நீட்டிக் காட்டமாட்டாரா?

1988 முதல் மாணவர் குழுவொன்று இக்கரையில் இரவுகளில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைச் சேகரித்துக் காத்துவருகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். ஒளியை நோக்கிச் செல்லும் குஞ்சுகளைச் சாலை விளக்குகள் திசைதிருப்பிவிடும். அங்கே போகிறவர்கள் கைப்பேசி விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளைச் சற்று எட்டவே நிறுத்திக்கொள்ளுங்கள்.