ஏணி ஏற ஆள் உண்டா?

அமெரிக்க அரசியலில் மரக்குடிசைக்கு இருக்கும் மவுசு மாளிகைக்குக் கிடையாது. 1840 ஜனாதிபதித் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனை, மரத்தடிக் குடிசையில் வாழும் எளிய மனிதர் என்று சொல்லியே அவருடைய கட்சி ஜெயிக்க வைத்தது. உண்மையில் ஹாரிசன் பிறந்தது வர்ஜீனியாவில், பெரிய பண்ணைத் தோட்டத்தின் நடுவே இருந்த செங்கல் மாளிகையில். நிஜமாகவே குடிசையில் பிறந்தவர் ஆப்ரகாம் லிங்கன் - 1809-ல், கென்டக்கியில். அவர் பிறந்த குடிசை என்று ஒன்றை மண்டபம் கட்டி அதற்குள் வைத்தார்கள். 2004-ல் மரத்தின் வளையங்களை ஆராய்ந்தபோது, அந்தக் கட்டைகள் லிங்கன் பிறந்து பல வருடங்கள் கழித்து வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. இருந்தாலென்ன? பார்க்க வரும் கூட்டம் நிற்கவில்லை.

முழு மரத்தடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வீடு கட்டும் வழக்கத்தை 17-ம் நூற்றாண்டில் டெலாவேர் நதிக்கரைக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்வீடன், பின்லாந்துக் குடியேறிகள். கோடாரி ஒன்று போதும், ஆணிகூட அதிகம் வேண்டாம் என்பதால் அது மேற்கே பரவியது. இன்று அந்தக் கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனாலும் நகரத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், மலையடிவாரத்தில் நிலம் வாங்கி மரத்தடி வீடு கட்டிக்கொள்ளக் கனவு காண்கிறார். அந்தக் கனவைப் பெட்டியில் போட்டு விற்பதுதான் ‘கிட்’ வியாபாரம்.

வீட்டைப் பகுதி பகுதியாக அனுப்புவது அங்கே புதிதல்ல. சியர்ஸ் ரோபக் நிறுவனம் 1908 முதல் 1940 வரை அஞ்சல் வழியாகவே வீடு விற்றது. அட்டவணையைப் பார்த்து ஆர்டர் கொடுத்தால், அளவாக அறுத்த மரமும் ஆணியும் பெயிண்டும் ரயிலில் வந்து இறங்கும். அவை பெரும்பாலும் மரச்சட்டத்தில் பலகை அடித்த வீடுகள். மரத்தடி வீட்டுக் கிட்டும் அதே யோசனைதான்: தொழிற்சாலையில் அறுத்து, மூலைப் பொருத்துகளைச் செதுக்கி, எண் போட்டு, லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். கூடவே நீண்ட திருகாணிகள், இடுக்கை அடைக்கும் பட்டைகள், வரைபடம். குழந்தைகளின் பொம்மை வீடு மாதிரி எண்ணைப் பார்த்து அடுக்கினால் வீடு தயார் என்று தோன்றும்.

தோன்றும், அவ்வளவுதான். முதலில் பணக் கணக்கு. நிலம், கிணறு, அஸ்திவாரம், குழாய், மின்சாரம், கழிவுநீர்த் தொட்டி, கட்டும் கூலி இவையெல்லாம் பொதுவாகக் கிட்டின் விலையில் சேராது. கூரை சேருமா சேராதா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கிட்டின் விலையையே வீட்டின் விலை என்று எண்ணிக் கடன் வாங்கியவர், சுவர் எழும்பிய நிலையில் கூரைக்குப் பணம் தேடி அலைய நேரும்.

அடுத்தது எடைக் கணக்கு. பைன் மரத்தடியை இரண்டு மூன்று பேர் சேர்ந்து தூக்கி வைத்துவிடலாம். ஓக் அப்படியல்ல. 8 அங்குலச் சதுரமும் 16 அடி நீளமும் உள்ள பச்சை ஓக் கட்டை ஒன்று சுமார் 200 கிலோ. மைத்துனர்களைக் கூப்பிட்டு வார விடுமுறையில் கட்டிவிடலாம் என்ற திட்டம் கிரேன் வாடகையில் வந்து நிற்கும்.

ஆனாலும் ஓக்கைத் தேடி வாங்குகிறவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. வெள்ளை ஓக்கின் வைரம் பாய்ந்த உட்பகுதி அவ்வளவு சுலபமாக உளுக்காது. அதன் நுண்குழாய்களை மரமே ஒருவித அடைப்பால் மூடிக்கொள்கிறது. தண்ணீர் புகாது. விஸ்கிப் பீப்பாய்க்கும் அந்தக் காலத்துக் கப்பலுக்கும் அதைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான். சிவப்பு ஓக் பெயரில் மட்டும் சகோதரன். அதன் குழாய்கள் திறந்தே இருக்கும். சிறு துண்டின் ஒரு முனையில் வாய் வைத்து ஊதினால் மறுமுனையில் காற்று வரும். மழையில் நின்றால் சீக்கிரம் மக்கும். எனவே ‘ஓக் வீடு’ என்று விளம்பரம் சொன்னால், எந்த ஓக் என்பதே முதல் கேள்வி. வெள்ளை ஓக்கிலும் வெளிப்புற வெண்பகுதிக்கு இந்த வலிமை கிடையாது. மரத்தை மாவாக்கும் வண்டுக்கு அதுதான் பிரியமான ஆகாரம்.

ஓக்கில் துவர்ப்புச் சத்து அதிகம். நம் ஊரில் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்து மை காய்ச்சினார்கள் அல்லவா? அதே ரசாயனம்தான் ஓக் சுவரிலும் நடக்கிறது. சாதாரண இரும்பு ஆணி அடித்து, அதன்மேல் மழையும் பட்டால் ஆணியைச் சுற்றிக் கறுப்பு மை வழியும். மரத்தின் அமிலம் இரும்பையும் அரிக்கும். ஆகவே ஈரம் படுகிற இடத்தில் எவர்சில்வர் ஆணியும் திருகாணியும்தான் சரி. இதில் மிச்சம் பிடிப்பவர் சில வருடங்களில் வட்டியோடு கட்டுவார்.

கட்டி முடித்ததும் வீடு அசையாமல் நிற்கும் என்பது செங்கல் வீட்டுக்காரரின் நினைப்பு. மரத்தடி வீடு இறங்கும். பச்சை மரம் காயக் காயச் சுருங்குகிறது. முழுக்கக் காய்ந்தால் வெள்ளை ஓக் தன் வளையங்களின் போக்கில் 10 சதவீதத்துக்குச் சற்று மேலேயும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 5 சதவீதத்துக்கு மேலேயும் சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது ஒரு சதவீதம்கூட இல்லை. இதன் விளைவு விசித்திரமானது. படுக்கவைத்து அடுக்கிய சுவர் சில அங்குலங்கள் கீழே இறங்குகிறது. நிறுத்தி வைத்த தூண் அப்படியே நிற்கிறது. தூணைக் குறைக்காவிட்டால் கூரை ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் தூணுக்கு அடியில் திருகு ஜாக்கி வைத்து, சுவர் இறங்க இறங்க அதையும் திருகி இறக்க வேண்டும். கதவு, ஜன்னல் நிலைகளுக்கு மேலே வெற்றிடம் விட்டு, அதை ஒரு பலகையால் மறைத்திருப்பார்கள். விஷயம் தெரியாத ஒருவர் அந்தப் பலகையை மேல் கட்டையோடும் நிலையோடும் சேர்த்து இறுக்கிவிட்டால், சில மாதங்களில் கதவு திறக்காது. ஜன்னல் கண்ணாடி விரிசல் விடும்.

இந்தச் சுருக்கம் எத்தனை நாளில் அடங்கும்? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது பழைய தச்சர்களின் கணக்கு. 8 அங்குலக் கட்டைக்கு என்ன பொருள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சூளையில் உலர்த்தியது என்று சொல்லி விற்கும் கட்டையிலும், நடுவரை காய்ந்ததா, மேல்தோல் மட்டும் காய்ந்ததா என்று ஈரமானி வைத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

காயும்போது கட்டை வெடிக்கும். இரவில் துப்பாக்கி சுட்டது போல் சத்தம் கேட்டுப் புதிதாகக் குடிவந்தவர்கள் எழுந்து உட்காருவார்கள். வெடிப்பால் சுவரின் பலம் பொதுவாகக் குறைவதில்லை. கவனிக்க வேண்டியது அதன் திசை. கீழ்நோக்கிய வெடிப்பில் தண்ணீர் தங்காது. மேல்நோக்கி வாய் திறந்திருக்கும் வெடிப்பு ஒவ்வொரு மழைக்கும் நிரம்பும் கிண்ணம். அதைத்தான் இழுபடும் தன்மையுள்ள பசையால் அடைக்க வேண்டும்.

மொத்த விஷயமும் கடைசியில் தண்ணீரில் வந்து நிற்கிறது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சணம் வளராது. நூறு, இருநூறு வருடங்களாக அப்பலாச்சிய மலைப்பகுதியில் நிற்கிற ஓக் குடிசைகளுக்கு ரசாயனப் பூச்சு எதுவும் கிடையாது. உயரமான கல் அடித்தளம், வெளியே நீண்ட இறவாரம், மழைநீர் வெளிப்பக்கம் வழிந்துவிடும்படி சரித்துச் செதுக்கிய மூலைப் பொருத்து - இவைதான் அவற்றின் ரகசியம். இறவாரத்தைக் குறைத்து, மூலைகளில் கட்டை முனைகளை அழகுக்காக நீட்டிவிட்ட புது மோஸ்தர் வீடு அந்தப் பாதுகாப்பைத் தானே உதறிவிடுகிறது. கட்டையின் வெட்டு முனை உறிஞ்சுகுழல்களின் கட்டு மாதிரி. பக்கவாட்டைவிட வேகமாகத் தண்ணீரைக் குடிக்கும்.

பராமரிப்பு என்பது பெரிய வித்தை அல்ல. வருடத்துக்கு ஒருமுறை வீட்டைச் சுற்றி வர வேண்டும். சுவரில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டால் பூச்சு நன்றாக இருக்கிறது. மரம் உறிஞ்சிக் கறுத்தால் மறு பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. வெயில் அதிகம் படும் தெற்கு, மேற்குச் சுவர்களில் இது முதலில் தெரியும். பொதுவாகச் சில வருடங்களுக்கு ஒருமுறை பூசியாக வேண்டும். மரம் மூச்சு விடும்படியான பூச்சாக இருக்க வேண்டும்; பளபளவென்று படலம் போடும் வார்னிஷ், உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாது. கீழ் வரிசைக் கட்டைகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டொப்’ என்று வெற்று ஓசை வந்தால் உள்ளே மக்கியிருக்கிறது. இறவார நீர்க்கால்களில் இலை அடைக்கக் கூடாது. சுவரை ஒட்டிப் பூச்செடி கூடாது. விறகை அடுக்குவது அறவே கூடாது. கரையானுக்கு அழைப்பிதழ் அது.

இத்தனையையும் ஒருவர் ஐம்பத்தைந்து வயதில் சந்தோஷமாகச் செய்வார். எழுபதில்? இதுதான் கிட் விளம்பரங்களில் வராத கேள்வி. ஓய்வுக்காலச் சேமிப்பு முழுவதையும் போட்டுக் கட்டிய வீடு, சொந்தக்காரரின் முழங்கால் தேயும் அதே வருடங்களில் ஏணியையும் தூரிகையையும் கேட்கிறது. இரண்டு மாடி உயர முக்கோணச் சுவரின் உச்சியில் வெடித்த கட்டையைக் கீழே நின்று பார்க்கத்தான் முடியும். ஆள் வைத்தால் பெருஞ்செலவு. தள்ளிப்போட்டால், சில நூறு டாலர் பூச்சில் முடிந்திருக்க வேண்டியது, சுவருக்கு முட்டுக்கொடுத்து மக்கிய கட்டையை அறுத்தெடுத்துப் புதுக்கட்டை செருகும் வேலையாக வளர்ந்துவிடும். விற்கலாமென்றால், வாங்க வருபவரும் சுத்தியலோடுதான் வருவார்.

அமெரிக்கக் கிழவரின் கவலை நமக்கெதற்கு என்று கேட்கலாம். மரவீடு நமக்கும் அந்நியமல்ல. ஹிமாச்சலத்தில் தேவதாரு உத்தரங்களையும் கல்லையும் மாறி மாறி அடுக்கி, மூலையில் கோத்து எழுப்பும் காத்-குணி வீடுகள் இருக்கின்றன. 1905 காங்ரா பூகம்பத்தைத் தாங்கி நின்ற நக்கர் கோட்டை அந்த வகை. அங்கும் அதே இரண்டு விதிகள்: மரம் மண்ணைத் தொடாத கல் அடித்தளம், சுவரை நனையவிடாத அகன்ற கூரை. மலையில் ஓக்கும் உண்டு. பாஞ் என்கிறார்கள். முறுக்கிக்கொண்டு வெடிக்கும் என்பதால் அதைப் பெரும்பாலும் வீட்டுக்கு வைக்காமல் தழையை மாட்டுக்கும் கிளையை அடுப்புக்கும் வைத்துக்கொண்டார்கள். ஒரு மரத்தை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று தெரிந்திருப்பதும் தச்சுத் தொழில்தான்.

காடுகளைக் காப்பாற்றுவதற்காக 1993-ல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரத்துக்குத் தடை விதித்தது. 2020-ல்தான் அது விலகியது. இடைப்பட்ட காலத்தில் கதவு நிலைகூட இரும்பாகவும் பிளாஸ்டிக்காகவும் மாறிவிட்டது. நமக்கும் ஒரு பழக்கம் ஏறிவிட்டது: கான்கிரீட் போட்டால் கவலையில்லை, திரும்பிப் பார்க்க வேண்டாம் என்ற நம்பிக்கை. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கி, உள்ளே கம்பி துருப்பிடித்து, கூரையின் அடிப்பூச்சு பெயர்ந்து சாப்பாட்டு மேஜையில் விழும்போது அந்த நம்பிக்கையும் பெயர்கிறது. கான்கிரீட்டுக்கும் பராமரிப்பு வேண்டும். அது சத்தம் போடாமல் கெடுகிறது. மரம் நிறம் மாறி, வெடித்து, கதவை இறுக்கிப் பல வழிகளில் முன்கூட்டியே சொல்கிறது.

பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்க, ஊரில் பெரிய வீடு கட்டிவிட்டு இரண்டு முதியவர்கள் கீழ்த்தளத்தின் ஓர் அறையில் வாழ்வது நாம் நாள்தோறும் பார்க்கும் காட்சி. மாடிக்கு ஏறி வடிகாலில் அடைத்த இலையை எடுக்க ஆள் இல்லை. அவர்களுக்கும் அந்த ஓக் வீட்டுக்காரருக்கும் நடுவே கடல் இருக்கிறதே தவிர, பிரச்னை ஒன்றுதான்.

கட்டடத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி நம் சம்பளத்தைக் கேட்கிறது, நிலத்தின் பத்திரத்தைக் கேட்கிறது. பதினைந்தாவது வருடம் ஏணி ஏறுவது யார் என்று கேட்பதில்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன் அதை நாமே கேட்டுக்கொள்வது நல்லது. பதில் கிடைக்காவிட்டால் இறவாரத்தை இன்னும் இரண்டு அடி நீட்டலாம். அல்லது வீட்டில் ஒரு மாடியைக் குறைக்கலாம்.