தேர் இருக்கிறது, தச்சர் எங்கே?

மொழிபெயர்க்கிறவர்களைச் சங்கடப்படுத்தும் சொற்கள் தத்துவத்திலோ விஞ்ஞானத்திலோ இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை தெருவில்தான் இருக்கின்றன. 'லிமோசின்' அப்படி ஒரு சொல். 'நீண்ட சொகுசுக் கார்' என்று எழுதினால் கல்யாணத்துக்கு வாடகைக்கு வரும் வண்டி நினைவுக்கு வருகிறது. 'பெருமகிழுந்து' என்றால் வாசகர் சிரிக்கிறார். கடைசியில் லிமோசின் என்றே எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஜப்பானியருக்கு இந்தத் தொல்லை இல்லை. சக்கரவர்த்தி பயணம் செய்யும் வண்டிக்கு 'கோர்யோஷா' என்று ஒரே பெயர். கார் என்றாலும் ரயில் பெட்டி என்றாலும் அதுதான். அரண்மனை உபயோகத்துக்கானது என்பது பொருள். பெயர் எளிமையானது. அந்தப் பெயரைத் தாங்கிய ஒரு காரின் கதை அவ்வளவு எளிமையானதல்ல.

உலகுக்கே கார் விற்கும் நாடு ஜப்பான். ஆனால் 1960-களின் நடுப்பகுதிவரை அந்நாட்டுச் சக்கரவர்த்தியின் சடங்குக் கார்கள் அயல்நாட்டுச் சரக்குதான். 1910-களில் இங்கிலாந்தின் டெய்ம்லர், 1920-களில் ரோல்ஸ் ராய்ஸ், 1930-களில் ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் 770. இந்தக் கடைசி ரகத்தில் ஏழு கார்கள் வாங்கப்பட்டன. துப்பாக்கிக் குண்டு துளைக்காத கவசம் பூட்டியவை. கவசத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1923 டிசம்பர் 27 அன்று, அப்போது இளவரசராகவும் ஆட்சிப் பிரதிநிதியாகவும் இருந்த ஹிரோஹிட்டோ, நாடாளுமன்றத்தைத் தொடக்கிவைக்கச் சென்றுகொண்டிருந்தார். டோக்கியோவின் தோரனோமோன் பகுதியில் நம்பா டைசுக்கே என்ற இளைஞன் கூட்டத்திலிருந்து பாய்ந்து வந்து சுட்டான். கார்க் கண்ணாடி உடைந்தது. இளவரசர் தப்பினார். பிரதமர் பதவி விலகினார். அன்றிலிருந்து அரச வாகனத்துக்கு இரண்டு வேலைகள்: மக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும், மக்களிடமிருந்து காக்கவும் வேண்டும்.

பிறகு போர் வந்தது, தோல்வி வந்தது. 1951-ல் அரண்மனைக்கு வந்து சேர்ந்தது ஒரு கெடிலாக். நாட்டைத் தோற்கடித்து ஆக்கிரமித்திருந்த அமெரிக்காவின் கார். யாரும் இதை அவமானம் என்று வெளியே சொல்லவில்லை. அரச வாகனங்களின் வரிசையைப் பார்த்தாலே போதும். எந்தக் காலத்தில் யாரைப் பார்த்து ஒரு நாடு வியந்தது, யாருக்குப் பணிந்தது என்று தெரிந்துவிடுகிறது.

இனி, அந்த வரிசையை மாற்றியவர்களைப் பற்றி.

டோக்கியோவின் மேற்கே தச்சிகாவா என்று ஓர் ஊர். போருக்கு முன் அங்கே விமானத் தளம் இருந்தது. ராணுவ விமானங்களைத் தயாரித்த தச்சிகாவா விமானக் கம்பெனியும் இருந்தது. 1945-ல் ஜப்பான் சரணடைந்ததும் விமானம் செய்யவே கூடாது என்று தடை. ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் ஒரே நாளில் வேலையற்றுப் போனார்கள். விமானத்தைத் தவிர வேறெதுவும் செய்து பழகாத கைகள். பானை, சட்டி, வண்டிச் சக்கரம் என்று எதை வேண்டுமானாலும் செய்து பிழைத்த காலம் அது. தச்சிகாவாக்காரர்கள் சிலர் கார் செய்யலாம் என்று கிளம்பினார்கள். ஆனால் பெட்ரோல் இல்லை. எனவே 1947-ல் அவர்கள் செய்தது பாட்டரியில் ஓடும் கார். 'தாமா' என்று அந்த வட்டாரத்தின் பெயரையே வைத்தார்கள். மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம். ஒருமுறை மின்னேற்றினால் 65 கிலோமீட்டர் ஓடும். மின்சாரக் கார் இன்றைய கண்டுபிடிப்பு என்று நம்புகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கொரியப் போர் மூண்டு பாட்டரிக்கான ஈயத்தின் விலை எகிறியதும் இவர்கள் பெட்ரோல் காருக்கு மாறினார்கள். எஞ்சின் செய்து கொடுத்தது இன்னொரு அனாதைக் கூட்டம்: போரின்போது விமானங்களும் விமான எஞ்சின்களும் தயாரித்த நகாஜிமா கம்பெனி கலைக்கப்பட்டபோது மிஞ்சியவர்கள். 'ஹோமாரே' என்ற 18 சிலிண்டர் விமான எஞ்சினை வடிவமைத்த நகாகவா ரியோயிச்சி அவர்களில் ஒருவர். 1954-ல் இரண்டு கூட்டமும் ஒன்றாயின.

இடையில் 1952-ல் ஹிரோஹிட்டோவின் மகன் அகிஹிட்டோவுக்குப் பட்டத்து இளவரசர் பட்டம் சூட்டப்பட்டது. அதைக் கொண்டாட, இவர்கள் தங்கள் காருக்கும் கம்பெனிக்கும் 'பிரின்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். பெயருக்குரியவர் ஏமாற்றவில்லை. கார் ஓட்டுவதில் பிரியம் கொண்ட அந்த இளவரசர் பிரின்ஸ் கார்களையே விரும்பி ஓட்டினார். 1959-ல் அவருக்குத் திருமணம் நடந்தபோது, புதிதாக வந்த பெரிய காருக்கு 'குளோரியா' என்று பெயர் வைத்து மகிழ்ந்தது கம்பெனி.

இந்த உறவு முறைப்படி முடிய வேண்டிய இடம் ஒன்றுதான். 1965-ல் சக்கரவர்த்திக்காக முதல் உள்நாட்டு அரச காரைச் செய்துதரும் பொறுப்பு பிரின்ஸிடம் வந்தது. விமானம் பறிபோன கைகளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும்?

ஆனால் அதே 1965-ல் இன்னொரு முடிவும் ஆகியிருந்தது. வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதிக்குக் கதவு திறக்கப் போகிறது. சிறு கம்பெனிகள் தாக்குப்பிடிக்காது. எனவே ஒன்று சேருங்கள் என்று அரசு நெருக்கியது. 1966 ஆகஸ்டில் பிரின்ஸ் கம்பெனி நிசானில் கரைந்தது. அக்டோபரில் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் அரச கார் மக்கள் பார்வைக்கு வந்தபோது அதன் பெயர் 'நிசான் பிரின்ஸ் ராயல்'. செய்தவர்களின் பெயர் இரண்டாம் இடத்துக்குப் போயிருந்தது. சக்கரவர்த்திக்குக் கார் கொடுத்த கம்பெனி, கார் கைமாறும்போது உயிரோடு இல்லை.

காரைப் பற்றிச் சில விவரங்கள். நீளம் 6.15 மீட்டர், அகலம் 2.1 மீட்டர், எடை 3,200 கிலோ. 6.4 லிட்டர் வி-8 எஞ்சின். மூன்று வரிசைகளில் எட்டுப் பேர் உட்காரலாம். பின்கதவு முன்பக்கத்திலிருந்து திறக்கும்; இறங்குகிறவர் குனிந்து நெளியாமல் நேரே எழுந்து வெளியே வரலாம். சாதாரணப் பதிவு எண் கிடையாது. சக்கரவர்த்தியைக் குறிக்கும் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்த வட்டத் தகடு மட்டும். கதவில் 16 இதழ் கொண்ட பொற்சாமந்தி முத்திரை. எல்லாம் சுதேசி, ஒன்றைத் தவிர. இவ்வளவு கனத்தை இழுக்கக்கூடிய தானியங்கி கியர்பாக்ஸ் அன்று ஜப்பானில் இல்லை. அது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து வந்தது. சுதேசிப் பெருமிதங்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இப்படி ஏதாவது ஒரு பல்சக்கரம் இருக்கத்தான் செய்யும்.

செய்யப்பட்டவை மொத்தம் ஏழே கார்கள். 1967-ல் அரண்மனைப் பணியில் சேர்ந்தவை ஒரு முழுத் தலைமுறைக்கு உழைத்தன. நாடாளுமன்றத் தொடக்க விழாக்களுக்கும், விருந்தாளியாக வந்த அயல்நாட்டுத் தலைவர்களுக்கும் இவைதான். வேகம் அவற்றின் தொழிலல்ல. சாலையோரம் கொடி பிடித்து நிற்கிறவர்கள் கண்ணாடி வழியே அந்த முகத்தைப் பார்க்கும்படி மெல்ல நகர்வதுதான் தொழில்.

அந்த ஏழில் ஒன்றுக்கு வேறு வேலையும் வந்தது. 1912-ல் மெய்ஜி சக்கரவர்த்தியின் உடலையும், 1927-ல் தைஷோ சக்கரவர்த்தியின் உடலையும் சுமந்து சென்றவை மாட்டு வண்டிகள். எருதுகள் இழுத்த அந்த வண்டியின் சக்கரங்கள் சோகமாக முனகும்படி வேண்டுமென்றே செய்யப்பட்டிருந்தன. அச்சின் முனகல்தான் ஒப்பாரி. 1989 பிப்ரவரி 24 அன்று ஹிரோஹிட்டோவின் இறுதி ஊர்வலத்தில் மாடுகள் இல்லை. குளிர்ந்த மழையில் ஒரு பிரின்ஸ் ராயல் அரண்மனையிலிருந்து புறப்பட்டது. சவப்பெட்டி வைப்பதற்காக மாற்றியமைக்கப்பட்ட கார். ஷிஞ்சுக்கு தோட்டத்தில் மட்டும் 225 பேர் பல்லக்கில் சுமந்தார்கள். மீண்டும் கார், ஹச்சியோஜியில் உள்ள கல்லறைவரை. அமெரிக்க ஜனாதிபதி புஷ் வந்திருந்தார். இந்தியாவின் சார்பில் ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் சென்றிருந்தார்.

இங்கே மட்டும் மொழிபெயர்ப்பில் சங்கடம் இல்லை. 'அமரர் ஊர்தி' என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. இருக்கும்போது ஏறும் வண்டிக்குச் சொல் தேடித் திணறும் தமிழ், போகும்போது ஏறும் வண்டிக்குத் தயக்கமின்றிப் பெயர் வைத்திருக்கிறது.

பிரின்ஸ் ராயலின் முடிவுக்குக் குண்டோ விபத்தோ காரணமல்ல. உதிரிபாகம்தான். 2004-ல் நிசான் தரப்பிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது: வண்டிகளுக்கு வயதாகிவிட்டது, பாகங்கள் கிடைப்பது அரிது, பயன்பாட்டிலிருந்து விலக்கிக்கொள்ளுங்கள். உலகச் சந்தையில் லட்சக்கணக்கில் கார் விற்ற கம்பெனியால் ஏழு கார்களைப் பராமரிக்க முடியவில்லை. ஏழே கார்கள் என்பதால்தான் முடியவில்லை. ஏழுக்காக யார் அச்சு வார்த்து வைத்திருப்பார்கள்? செய்தவர்கள் ஓய்வு பெற்றோ இறந்தோ போய்விட்டார்கள். அபூர்வம் என்பதுதான் அதன் கௌரவம். அந்த அபூர்வமே அதன் வியாதி.

நம் ஊர் அம்பாசடரை இதன் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. பிரதமர் ஏறியதும் அதுதான், வாடகை டாக்ஸியும் அதுதான். அதன் ஆதி உருவம் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. சுதேசிக் கர்வத்துக்கு அதிகம் இடமில்லை. ஆனால் நின்றுபோனால் எந்த ஊர்ப் பட்டறையிலும் ஒரு மெக்கானிக் பானட்டைத் தூக்கிப் பார்த்து, 'அரை மணி நேரம் சார்' என்பார். வாஜ்பாய் காலத்தில் பிரதமரின் வண்டி குண்டு துளைக்காத பி.எம்.டபிள்யூ. ஆயிற்று. 2014-ல் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது. பாதுகாப்பு கூடியது, நியாயம்தான். அந்த மெக்கானிக்குக்கும் பிரதமருக்கும் இருந்த ஒரு சின்ன சம்பந்தம் அறுந்தது.

ஜப்பான் என்ன செய்தது? 2006-ல் டொயோட்டா 'செஞ்சுரி ராயல்' காரைக் கொடுத்தது. 5 லிட்டர் வி-12 எஞ்சின். கூரையின் உட்புறம் ஜப்பானியக் கைக்காகிதம். ஏறும் படி கருங்கல். சாதாரண மாடலின் விலை 5 கோடியே 25 லட்சம் யென். கூட்டத்தில் கவனிக்காமல் விடக்கூடிய விஷயம், அது ஏற்கெனவே விற்பனையில் இருந்த செஞ்சுரி காரை அடிப்படையாகக் கொண்டது. பிரின்ஸ் ராயல் அப்படியல்ல, அடியிலிருந்து நுனிவரை தனியே செய்தது. பாடம் கற்றுக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது.

எல்லாவற்றிலும் கற்றார்கள் என்று சொல்ல முடியாது. 1990-ல் அகிஹிட்டோவின் முடிசூட்டு ஊர்வலத்துக்கு வாங்கிய திறந்த ரோல்ஸ் ராய்ஸ், 1993-ல் இளவரசரின் திருமணத்துக்கு இன்னொரு முறை ஓடியது. மொத்தம் இரண்டே முறை. பிறகு கொட்டகையில் நின்றே பழுதாகிப் போனது. 2019-ல் நருஹிட்டோ முடிசூடியபோது புதிதாக ஒரு திறந்த டொயோட்டா செஞ்சுரி வந்தது. பதவி துறந்த அகிஹிட்டோவோ, அரண்மனை வளாகத்துக்குள் தானே ஓட்டுவதற்கு வெகுகாலம் வைத்திருந்தது 1991-ஆம் ஆண்டு ஹோண்டா இண்டெக்ரா. பட்டறையில் பாகம் கிடைக்கும் வண்டி.

ஒரு பிரின்ஸ் ராயலை இன்றும் பார்க்கலாம். தச்சிகாவாவில், ஹிரோஹிட்டோவின் நினைவாக அமைந்த பூங்காவின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பூங்கா இருப்பது பழைய விமானத் தளத்தின் நிலத்தில். விமானம் செய்யக்கூடாது என்று விரட்டப்பட்டவர்கள் எந்த ஊரிலிருந்து கிளம்பினார்களோ, அவர்கள் செய்த கார் அந்த ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அது யார் ஏறிய கார் என்று கேட்பார்கள். எல்லாத் தேர்களுக்கும் அதுதான் வழக்கம். பாரியின் தேரை ஈராயிரம் ஆண்டுகளாகப் பேசுகிறோம். முல்லைக்குக் கொடுக்கும்படி அதைச் செய்து கொடுத்த தச்சனின் பெயரை நாமும் கேட்டதில்லை.